ஒரு ஜிஃப் குருவி ஸ்ப்ரைட் ஷீட் ஆனது எப்படி: முழு நிகழ்வு ஆய்வு

குழந்தைங்க கணக்குப் போட்டுப் பழகுற ஒரு வெப் பேஜ், அதுல ஓரமா ஒரு குருவி. நிக்கும், கண்ணைச் சிமிட்டும், சிறகைத் தூக்கும், மேல போனதும் ஒரு கணம் அப்படியே நிறுத்தும், அப்புறம் இறக்கும், திரும்ப முதல்ல இருந்து. எல்லாம் ஒரே ஜிஃப் பைல். 240க்கு 240 பிக்சல், 24 ஃப்ரேம், பேஜ்ல காட்டுறது 120க்கு 120, அடர்த்தியான ஸ்கிரீன்லயும் தெளிவா இருக்கணும்ங்கறதுக்காக ரெண்டு மடங்கு அளவுல வரைஞ்சது. வரைஞ்ச ஒரிஜினல் பைல் கிடைக்கல, கையில இருக்கறது இந்த ஜிஃப் மட்டும்தான்.

கேட்டது மூணு விஷயம். பதில் சரியா இருந்தா மட்டும் குருவி ஒரு தடவை சிறகடிக்கணும், மத்த நேரம் சும்மா நிக்கணும். டார்க் மோட் போட்டா குருவியைச் சுத்தி ஒரு வெள்ளைக் கோடு தெரியுதே, அது போகணும். அப்புறம், ஸ்கிரீன்ல அசைவு வேணாம்னு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ செட்டிங் போட்டு வச்சிருக்கறவங்களுக்கு குருவி ஆடக் கூடாது.

இதுல முதல் வேலைக்கும் மூணாவது வேலைக்கும் ஜிஃப் சரிப்பட்டு வராது. ஒரு ஜிஃப் பேஜ்ல வந்துட்டா அது பாட்டுக்கு ஓடும், சிஎஸ்எஸ், அதாவது பேஜோட தோற்றத்தை எழுதற மொழி, அதை வச்சு நிறுத்த முடியாது, முதல் ஃப்ரேம்ல இருந்து ஆரம்பின்னு சொல்லவும் நேர் வழி இல்ல, சில பேர் யூஆர்எல் கடைசியில ஒரு நம்பரை மாத்தி மாத்திப் போட்டு பைலையே திரும்ப டவுன்லோட் பண்ண வச்சு சமாளிக்கறாங்க, அது தீர்வு இல்ல. ஃப்ரேமையெல்லாம் ஒரே படத்துல வரிசையா அடுக்கி, ஒரு சின்ன ஜன்னல் வழியா ஒவ்வொண்ணாக் காட்டுனா எப்ப ஓடணும் எப்ப நிக்கணும்ங்கறது நம்ம கைக்கு வந்துடும். அதுதான் ஸ்ப்ரைட் ஷீட். வெப்ல ஐகான்களை இப்படி ஒரே படமா சேர்க்கற பழக்கம் 2004ல டேவ் ஷே எழுதுன கட்டுரைக்கு அப்புறம்தான் பரவுச்சு, அன்னிக்கு அதோட நோக்கம் சர்வருக்குப் போற ரிக்வெஸ்ட்டைக் குறைக்கறது. 2015ல ஒரே இணைப்புல பல ரிக்வெஸ்ட்டைச் சேர்த்து அனுப்பற எச்டிடிபி 2 வந்ததும் அந்தக் காரணத்துக்கு பெருசா வலு இல்லாமப் போச்சு. அனிமேஷனுக்கு மட்டும் இன்னும் ஷீட் தேவைப்படுது, ஏன்னா இங்க விஷயம் ரிக்வெஸ்ட் இல்ல, கட்டுப்பாடு.

நான் அழுத்திச் சொல்ல நினைக்கறது ஒண்ணுதான். ஜிஃப்ங்கறது 24 படத்தை அடுக்கி வச்ச கட்டு இல்ல. அது ஒரு செய்முறை. இந்தத் துண்டை இந்த இடத்துல ஒட்டு, இவ்வளவு நேரம் காத்திரு, அப்புறம் ஒட்டுனதை விட்டுவை, இல்ல அழி, இல்ல முன்னாடி இருந்த மாதிரி ஆக்குன்னு வரிசையா சொல்லிக்கிட்டே போகும். ஸ்ப்ரைட் ஷீட்ல இந்த செய்முறை எதுவும் இருக்காது, வெறும் படம்தான். அப்ப நேரமும் ஒட்டுற விதியும் எங்க போகும்? நாமதான் வெளிய எடுத்து பத்திரமா வேற இடத்துல வைக்கணும். ஷீட் தப்பா வந்துடுச்சுன்னு சொல்றவங்க பைலைத் திறந்து பார்த்தா பெரும்பாலும் இந்த இடத்துலதான் ஏதோ ஒண்ணு தொலைஞ்சிருக்கும்.

பைலுக்குள்ள என்ன இருந்துச்சு

இமேஜ்மேஜிக்ங்கற படம் திருத்தற கருவியில ஐடென்டிஃபைன்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஒவ்வொரு ஃப்ரேமோட அளவு, இடம், டிலே, அப்புறம் டிஸ்போசல் எல்லாத்தையும் வரிவரியா எழுதித் தரும். எந்த ஜிஃப்பைத் தொடறதுக்கு முன்னாடியும் இதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடணும்.

முதல் ஃப்ரேம் 240க்கு 240, முழுப் படம். ரெண்டாவது ஃப்ரேம் வெறும் 46க்கு 18. இடது பக்கத்துல இருந்து 97, மேல இருந்து 62 பிக்சல் தள்ளி இருக்கு. அதாவது பாதி மூடுன கண்ணு மட்டும், வேற ஒண்ணுமே கிடையாது, உடம்பு முதல் ஃப்ரேம்லயே வரைஞ்சாச்சுல்ல, எதுக்குத் திரும்பன்னு ஜிஃப் செஞ்ச சாஃப்ட்வேர் மிச்சம் பிடிச்சிருக்கு. இந்த மாதிரி பைலை அப்படியே பிரிச்சு அடுக்குனா ஷீட்ல ஒரு குருவியும் அது பக்கத்துல தனியா ஒரு ஜோடிக் கண்ணும்தான் வரும்.

இதுக்கு மேல டிஸ்போசல். ஜிஃப் 87ல வந்துச்சு, 89ல வந்த திருத்தின வடிவத்துலதான் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் டிலே, ட்ரான்ஸ்பரன்சி, டிஸ்போசல் மூணும் சேர்ந்துச்சு. டிஸ்போசல் 1ன்னா ஒட்டுனதை அப்படியே விட்டுடு. 2ன்னா அந்தச் செவ்வகத்தைக் காலி பண்ணு. 3ன்னா ஒட்டுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கு. நம்ம குருவியில கண்ணு ஃப்ரேம் எல்லாம் 1, சிறகு ஃப்ரேம் எல்லாம் 3. இந்த 3ஐச் சரியா மதிக்காத கருவியில போட்டா என்ன ஆகும்னு பார்க்கணும்னா ஒரு ஃப்ரேமைத் திறந்தாலே போதும்: சிறகு மேல போற வழியில ஒவ்வொரு நிலையும் அழியாம நின்னு, குருவிக்கு விசிறி மாதிரி நாலஞ்சு சிறகு இருக்கும்.

இதைச் சரியா செய்யறதுக்கு இமேஜ்மேஜிக்ல கோயலஸ்னு ஆப்ஷன், ஜிஃப்சிகல்ங்கற ஜிஃப் கருவியில அன்ஆப்டிமைஸ். ரெண்டும் செய்முறையை முதல்ல இருந்து ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துலயும் கண்ணுக்கு எது தெரியுமோ அதை முழுப் படமா எழுதிக் கொடுக்கும். கோயலஸ் ஓட்டி 24 முழுப் படம் வாங்குனோம், எல்லாம் 240க்கு 240. எஃப்எஃப்எம்பெக்ல டைல்னு ஒரு ஃபில்டர் இருக்கு, ஒரே கமாண்ட்ல ஷீட்டே வந்துடும், ஆனா அது வீடியோவை நினைச்சு செஞ்ச கருவி, நிலையான வேகத்துக்கு மாத்துறேன்னு நீண்ட டிலே இருக்கற ஃப்ரேமைப் பல தடவை எழுதி வைக்கலாம். டிலே ஒரே சீரா இருக்கற ஜிஃப்புக்கு அது நல்ல வழிதான், இந்தக் குருவிக்கு இல்ல.

நேரம்

ஜிஃப்ல டிலே நொடியில நூத்துல ஒரு பங்கு கணக்குல இருக்கும். நம்ம பைல்ல முதல் ஃப்ரேம் 120, அதாவது 1.2 நொடி குருவி சும்மா நிக்குது. 13வது ஃப்ரேம், சிறகு உச்சியில நிக்கற இடம், 40. மிச்ச 22 ஃப்ரேமும் 8. கூட்டுனா 336, மொத்தம் 3.36 நொடி.

இப்ப எல்லாரும் பண்ற மாதிரி சிஎஸ்எஸ்ல ஸ்டெப்ஸ் 24ன்னு, அதாவது சம நேரத்துல 24 தாவல்னு, போட்டு 3.36 நொடி கொடுத்தா? ஒவ்வொரு ஃப்ரேமும் 140 மில்லிசெகண்ட். 80ல ஓட வேண்டிய சிறகு 140ல இழுத்துக்கிட்டு போகும், 1.2 நொடி நிக்க வேண்டிய இடத்துல கண்ணிமைக்கற நேரம்தான் நிக்கும், உச்சியில பிடிச்சு நிறுத்தற அந்த அழகு மொத்தமாப் போயிடும். படம் 24ம் சரி, மொத்த நேரம் சரி, ஆனா அது வேற குருவி. வரைஞ்சவர் எங்க நிறுத்தணும் எங்க ஓடணும்னு யோசிச்சு வச்ச நேரம் ஓவியத்துக்குச் சமமான வேலை, அதைத் தூக்கிப் போட நமக்கு உரிமை இல்லைன்னுதான் நான் நினைக்கறேன்.

ஒரு வழி, எல்லா டிலேயும் 8ஆல வகுபடுதுல்ல, அதனால முதல் ஃப்ரேமை 15 தடவை, 13வதை 5 தடவை அடுக்கி மொத்தம் 42 கட்டம் போட்டு ஸ்டெப்ஸ் 42 கொடுக்கலாம். வேலை செய்யும், ஆனா ஒரே படத்துக்கு 15 கட்டம் மெமரி கொடுக்கறது வீண். நாங்க எடுத்தது ரெண்டாவது வழி. ஷீட்ல ஒரு படம் ஒரு தடவைதான், எந்தப் படம் எப்ப வரணும்ங்கறது கீஃப்ரேம்ல, அதாவது எத்தனையாவது சதவீதத்துல எந்த நிலைன்னு சிஎஸ்எஸ்ல எழுதற வரிகள்ல. ஒவ்வொரு ஃப்ரேமும் ஆரம்பிக்கற நேரத்தை மொத்த நேரத்தால வகுத்தா சதவீதம் வரும். ரெண்டாவது ஃப்ரேம் 35.714ல ஆரம்பிக்குது, மூணாவது 38.095ல, 13வது 61.905ல, 14வது 73.810ல, கடைசி 97.619ல. டைமிங் ஃபங்ஷன் ஸ்டெப்-எண்ட். அது ஒரு கீஃப்ரேமோட மதிப்பை அடுத்தது வர்ற வரைக்கும் அப்படியே பிடிச்சு வச்சிருந்து சட்டுன்னு மாத்தும், நடுவுல நகர்ற மாதிரி எதுவும் தெரியாது. இதைக் கையால எழுத வேணாம், டிலே பட்டியலைப் படிச்சு கீஃப்ரேமை எழுதித் தர்ற சின்ன ஸ்கிரிப்ட் இருந்தாப் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன். டிலே 0 இல்ல 1ன்னு இருந்தா ப்ரௌசருங்க அதை நம்பாம 10ன்னு எடுத்துக்கிட்டு 100 மில்லிசெகண்டா காட்டும். அதே பேஜ்ல இருந்த ஒரு மினுமினுப்பு ஜிஃப் அப்படித்தான், எல்லா ஃப்ரேமும் 1. பைல்ல இருக்கறதை அப்படியே நம்பி மாத்துனா ஷீட் பத்து மடங்கு வேகமா ஓடும். ஜனங்க இத்தனை நாள் எந்த வேகத்துல பார்த்தாங்களோ அதுதான் சரியான வேகம், பைல்ல எழுதியிருக்கறது இல்ல.

வெள்ளை ஓரம்

எனக்கு இதுலதான் ஆர்வம் அதிகம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஜிஃப்ல ஒரு பிக்சல் ஒண்ணு முழுசா தெரியும் இல்ல முழுசா தெரியாது, பாதி தெரியறதுங்கறதே கிடையாது. ஆனா கோடு வழவழன்னு தெரியணும்னா ஓரத்துல பாதி தெரியற பிக்சல் வேணும். அதனால எக்ஸ்போர்ட் பண்ணும்போது பின்னாடி வெள்ளை இருக்கறதா வச்சுக்கிட்டு ஓரத்து நிறத்தை வெள்ளையோட கலந்து எழுதிடுவாங்க. வெள்ளைப் பேஜ்ல அருமையா இருக்கும். கறுப்புப் பேஜ்ல அந்தக் கலந்த வெள்ளை பளிச்னு எட்டிப் பார்க்கும். பாதி தெரியற பிக்சலையும் வச்சுக்கற பிஎன்ஜி வடிவத்துக்கு மாத்துனா போயிடும்னு நிறைய பேர் நம்பறாங்க, போகாது, வெள்ளை ஏற்கனவே நிறத்துக்குள்ள கலந்து போச்சு.

ஆனா நம்ம குருவிக்கு ஒரு வசதி இருந்துச்சு. சுத்தி வர ஒரே நிறத்துல அழுத்தமான அவுட்லைன். அப்ப ஓரத்துல இருக்கற ஒவ்வொரு பிக்சலும் அந்த ஒரு நிறமும் வெள்ளையும் கலந்ததுதான், வேற எதுவும் அதுல வர வழி இல்ல. எவ்வளவு கலந்துச்சுன்னு திரும்பக் கணக்குப் போடலாம். ஒரு பிக்சலை எடுத்துக்குவோம். அவுட்லைனோட சிவப்பு மதிப்பு 40, வெள்ளை 255, ஓரத்து பிக்சல்ல இருக்கறது 190. 255ல இருந்து 190 போனா 65. 255ல இருந்து 40 போனா 215. 65ஐ 215ஆல வகுத்தா 0.30. அதாவது அந்த பிக்சல்ல அவுட்லைன் நிறம் முப்பது சதவீதம்தான், மிச்சம் வெள்ளை. அதனால அந்த இடத்துல 40ங்கற அசல் நிறத்தையே வச்சு ஆல்ஃபாவை, அதாவது பிக்சல் எவ்வளவு தெரியணும்ங்கற அளவை, 0.30 ஆக்கிடணும். பச்சை, நீலத்துக்கும் போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட அதே 0.30 வரணும், வந்துச்சுன்னா கணக்கு சரி. வெள்ளைப் பேஜ்ல பழைய மாதிரியே தெரியும், கறுப்புப் பேஜ்ல வெள்ளை இருக்காது.

இதை எல்லா பிக்சலுக்கும் போடக் கூடாது. குருவியோட வயிறே வெள்ளை, அது ஓட்டையாப் போயிடும். ட்ரான்ஸ்பரன்ட் பகுதியை ஒட்டி இருக்கற ஒரு பிக்சல் வளையத்துக்கு மட்டும்தான். அவுட்லைன் இல்லாத படமா இருந்தா, இல்ல ஓரம் பல நிறமா இருந்தா இந்தக் கணக்கு பிடிபடாது, அப்ப ஒரிஜினல் பைலைத் தேடறதைத் தவிர வேற நல்ல வழி இல்ல.

ஆல்ஃபா வந்துட்டா பிக்சலுக்கு ஒரே பைட் எடுக்கற 8 பிட் பிஎன்ஜி முடியாதேன்னு ஒரு சந்தேகம் வரும். முடியும். பேலட்ல, அதாவது படத்துல வர்ற நிறங்களோட பட்டியல்ல, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஆல்ஃபா மதிப்பு வச்சுக்க பிஎன்ஜியில இடம் இருக்கு.

ஒரே மாதிரி இருந்த ஃப்ரேமுங்க

கண்ணு பாதி மூடி, முழுசா மூடி, திரும்பப் பாதி திறந்து, முழுசா திறக்குது. அப்ப 4வது ஃப்ரேமும் 2வதும் ஒண்ணுதான், 5வதும் 1வதும் ஒண்ணுதான். சிறகு இறங்கும்போது கடைசி ரெண்டும், அதாவது 23ம் 24ம், ஏறும்போது வந்த 7ம் 6ம்தான். கண்ணால பார்த்தா தெளிவா தெரியுது. ஆனா பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட்டா ஒண்ணு கூட பொருந்தல.

காரணம் பேலட். ஜிஃப்ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனியா 256 நிறம் வரைக்கும் வச்சுக்கலாம். இந்த பைலைச் செஞ்ச சாஃப்ட்வேர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதுசா நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கூடவே புள்ளி தூவி டித்தரும் போட்டிருக்கு. அதனால குருவி உடம்போட பழுப்பு ஒரு ஃப்ரேம்ல கொஞ்சம் கூட, அடுத்ததுல கொஞ்சம் குறைய. உத்துப் பார்த்தா ஓடும்போது உடம்பு லேசா மினுங்கும், நிறைய ஜிஃப்ல இது உண்டு, பழகிப்போனதால யாரும் கவனிக்கறதில்ல.

குருவியில நிறமே கொஞ்சம்தான்: ரெண்டு பழுப்பு, வயித்து வெள்ளை, அலகு, காலு, கண்ணு. தட்டையான பகுதிகள்ல இருக்கற பிக்சலை எல்லாம் அதுக்குக் கிட்டத்துல இருக்கற அசல் நிறத்துக்கு இழுத்து விட்டோம், ரெண்டு நிறம் சந்திக்கற இடத்துல இருக்கற கலப்பு பிக்சலை மட்டும் தொடல. அதோட மினுங்கறதும் போச்சு, ஒப்பிட்டா நாலு ஜோடியும் பொருந்துச்சு. 24 போய் 20 தனிப் படம். இன்னொரு பலனும் கிடைச்சுது: டித்தர் புள்ளி இருக்கற வரைக்கும் ஷீட் ஜிஃப்பை விட கனமா இருந்துச்சு, அது போனதும் ஜிஃப்பை விட இலேசாயிடுச்சு. பிஎன்ஜிக்கு ஒழுங்கு பிடிக்கும், தூவுன புள்ளி பிடிக்காது.

வேலையோட வரிசை இங்க முக்கியம். முதல்ல கோயலஸ், அப்புறம் நிறம், அப்புறம் ஓரம், அதுக்கும் அப்புறம்தான் ஒப்பிடறது. மாத்திச் செஞ்சா ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்கும்.

எப்படி அடுக்கறது

20 படத்தை நீட்டு வரிசையா வைக்கலாம், செங்குத்தா வைக்கலாம், கட்டம் கட்டமாவும் வைக்கலாம். இதுல என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா இருக்கு.

பிஎன்ஜி சுருக்கற முறை டிஃப்ளேட். இதே பைட்டுங்க முன்னாடி எங்கயாச்சும் வந்திருக்கான்னு அது திரும்பிப் பார்க்கும், ஆனா எவ்வளவு தூரம்னா 32,768 பைட் வரைக்கும்தான். நம்ம படம் பிக்சலுக்கு ஒரு பைட். பக்கத்துப் பக்கத்துல வச்சா, ஒரு படத்தோட ஒரு வரிக்கும் அடுத்த படத்தோட அதே வரிக்கும் நடுவுல சுமார் 240 பைட் தூரம், டிஃப்ளேட் அதை அங்கேயே கண்டுபிடிச்சுடும், குருவியோட உடம்பு மாறாம இருக்கறதால பாதி வேலை முடிஞ்சுது. கீழ கீழ வச்சா அதே வரி 240 தடவை 240, அதாவது 57,600 பைட் தள்ளிப் போயிடும். அது திரும்பிப் பார்க்கற தூரத்துக்கு வெளிய. ஒரே உடம்பை ஒவ்வொரு படத்துக்கும் புதுசா எழுதும். அதனால ஃப்ரேமுங்க ஒண்ணுக்கொண்ணு நிறைய ஒத்துப்போற படத்துக்கு பிஎன்ஜின்னா பக்கவாட்டுலதான் அடுக்கணும்.

அப்ப 20ஐயும் ஒரே வரிசையில வைக்கலாமே? படத்தைச் சுத்தி ரெண்டு ரெண்டு பிக்சல் காலி இடம் விடணும்னு முடிவு பண்ணியிருந்தோம், காரணம் அப்புறம் சொல்றேன், அதனால ஒரு கட்டம் 244. 20 கட்டம்னா 4,880 பிக்சல் அகலம். பழைய போன், டேப்லெட்ல கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒரு பக்கம் 4,096க்கு மேல கொடுத்தா சிக்கல் வரும், குழந்தைங்க கையில இருக்கறது பெரும்பாலும் வீட்டுல பெரியவங்க பழசாக்கிட்டுக் கொடுத்த டேப்லெட்தான். அதனால 10 கட்டம், ரெண்டு வரிசை. 2,440க்கு 488. மேல் வரிசையில கண்ணும் சிறகு ஏறறதும், கீழ் வரிசையில உச்சியும் இறங்கறதும், பிரிஞ்சது கச்சிதமா அமைஞ்சுது.

மெமரிக் கணக்கையும் இங்கயே போட்டுடணும். பைல் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ப்ரௌசர் அதைப் பிரிச்சதும் பிக்சலுக்கு 4 பைட். 2,440ஐ 488ஆல பெருக்கி 4ஆல பெருக்குனா 47,62,880 பைட், அஞ்சு எம்பிக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு குருவிக்கு இது பரவாயில்ல.

அடுக்கறதுக்கு இமேஜ்மேஜிக்கோட மாண்டேஜ் கமாண்ட். இதுல ஒண்ணு மறக்கக் கூடாது, ஜியோமெட்ரி கொடுக்கலன்னா அது தானா படத்தை 120க்குள்ள சுருக்கி, சுத்தி இஷ்டத்துக்கு இடமும் விட்டுடும், ஏன்னா அது தம்ப்நெயில் பக்கம் செய்யறதுக்காக எழுதுன கமாண்ட். ஜியோமெட்ரியில சுத்தி 2, 2ன்னும் பேக்கிரவுண்ட் "நன்", அதாவது பின்னணி நிறமே வேணாம்னும் சொல்லிடணும், இல்லன்னா பாடுபட்டு எடுத்த வெள்ளை திரும்ப வந்து உக்காரும்.

காலி இடம் எதுக்குன்னா, பேஜை 125 சதவீதம் பெருசாக்கிப் பார்க்கறவங்க இருக்காங்க. 122 சிஎஸ்எஸ் பிக்சல் கட்டம் 152.5 ஸ்கிரீன் பிக்சல் ஆகும், அரை பிக்சல்னு ஒண்ணு இல்லாததால ப்ரௌசர் பக்கத்துக் கட்டத்தையும் கொஞ்சம் கலந்து எடுக்கும், அப்ப ஓரத்துல பக்கத்துக் குருவியோட சிறகு நுனி ஒரு கோடா மின்னி மறையும். நடுவுல காலி இடம் இருந்தா கலக்க ஒண்ணும் கிடைக்காது.

பேஜ்ல போட்டது

120க்கு 120 பெட்டி, பேக்கிரவுண்ட் சைஸ் 1,220க்கு 244. முதல் கட்டத்தோட பொசிஷன் மைனஸ் 1, மைனஸ் 1. அடுத்தது மைனஸ் 123, அதுக்கடுத்தது மைனஸ் 245. உச்சி நிலை கீழ் வரிசையோட முதல் கட்டம், அதனால மைனஸ் 1, மைனஸ் 123. 24 கீஃப்ரேம், 20 கட்டம், எந்த ஃப்ரேம் எந்தக் கட்டம்னு ஒரு அட்டவணை, அதை ஷீட் பக்கத்துலயே ஜேசன்ங்கற டெக்ஸ்ட் பைலா வச்சோம்.

ஓட விட்டதும் ஒரு விஷயம் புரிஞ்சுது. ஜிஃப் சும்மா சுத்திக்கிட்டு இருந்த வரைக்கும் அந்த 1.2 நொடி ஓய்வு. பதில் சரின்னு தெரிஞ்சதும் ஓடணும்னா அதே 1.2 நொடி தாமதம், குழந்தை பட்டனைத் தட்டிட்டு ஒண்ணும் ஆகலையேன்னு திரும்பத் தட்டும். அதுக்காக கீஃப்ரேமை மாத்தல, அனிமேஷன் டிலேயை மைனஸ் 1.2 நொடின்னு கொடுத்தோம். நேரா கண் சிமிட்டற இடத்துல இருந்து ஆரம்பிச்சு 2.16 நொடியில முடியும், முடிஞ்சதும் பெட்டியோட சாதாரண நிலை முதல் கட்டம்தான், அதனால குருவி தானா நின்னுடும்.

பேக்கிரவுண்ட் பொசிஷனை அனிமேட் பண்ணா ஒவ்வொரு தடவையும் திரும்ப வரையணும், படத்தையே நகர்த்தற ட்ரான்ஸ்ஃபார்ம்தான் நல்லதுன்னு ஒரு கருத்து உண்டு. பொதுவா சரி. ஆனா இங்க 80 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்னப் பெட்டி மாறுது, அவ்வளவுதான், அதுக்காக மொத்த ஷீட்டையும் தனி லேயரா தூக்கறது எனக்கு சரியாப் படல. நொடிக்கு அறுபது தடவை பெரிய படம் நகர்ற இடமா இருந்தா வேற பேச்சு.

ஷீட் முழுசா வர்றதுக்கு முன்னாடி ஓட்டுனா காலிப் பெட்டிதான் தெரியும், அதனால படம் பிரிச்சுத் தயாராயிடுச்சுன்னு ப்ரௌசர் சொல்ற டிகோட் ப்ராமிஸ் முடிஞ்ச பிறகுதான் அனிமேஷனை ஓட்டற சிஎஸ்எஸ் க்ளாஸைச் சேர்க்கறது. பேக்கிரவுண்ட் படத்துக்கு ஆல்ட்ங்கற விளக்க வரி கிடையாதுங்கறதால பெட்டிக்கு ரோல் இமேஜும் ஒரு லேபிளும் கொடுத்தாச்சு, ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கறவங்களுக்கு.

அசைவு வேணாம்னு சொன்னவங்களுக்கு வெறுமனே அனிமேஷனை நிறுத்திட்டா குருவி ஒண்ணுமே சொல்லாது, பதில் சரிங்கற சந்தோஷம் அந்தக் குழந்தைக்கு மட்டும் கிடைக்காமப் போகும், அது நியாயம் இல்ல. அதனால அந்த செட்டிங்கை பேஜுக்குச் சொல்ற ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் இருந்தா சிறகு தூக்குன 13வது ஃப்ரேமை மட்டும் அசையாமக் காட்டிட்டு திரும்ப நிக்கற நிலைக்கு வர்றோம். டபிள்யூசிஏஜிங்கற வெப் அணுகல் வழிகாட்டியில தானா ஆரம்பிச்சு 5 நொடிக்கு மேல ஓடற அசைவை நிறுத்த வழி இருக்கணும்னு ஒரு விதி உண்டு, பழைய ஜிஃப் அதை மீறிக்கிட்டு இருந்துச்சு, புதுசு தானா ஆரம்பிக்கறதும் இல்ல, அஞ்சு நொடி ஓடறதும் இல்ல.

சரி பார்த்தது இப்படி: அட்டவணையையும் ஷீட்டையும் வச்சு 24 ஃப்ரேமையும் திரும்ப உருவாக்கி, கோயலஸ்ல வந்த 24ஓட வெள்ளைப் பின்னணியில ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வித்தியாசம் எடுத்தோம். நிறம் இழுத்த இடங்கள்ல மெல்லிசா வித்தியாசம் தெரிஞ்சுது, உருவத்துல ஒண்ணும் இல்ல. சிறகு ஒரு பிக்சல் தள்ளி உக்காந்திருந்தாலும் இந்த ஒப்பீட்டுல கோடு கோடா தெரிஞ்சுடும்.

ஷீட் ஆகாத ஒண்ணு

அதே பேஜ்ல பாடம் முடிஞ்சதும் வர்ற கொண்டாட்டக் காட்சி ஒண்ணு இருந்துச்சு, 640க்கு 360, 9 நொடி, நொடிக்கு 15 ஃப்ரேம். இதையும் ஷீட் ஆக்கிடலாமான்னு கேட்டாங்க. 135 ஃப்ரேம், ஒண்ணு 9,21,600 பைட், மொத்தம் 12,44,16,000 பைட். பழைய டேப்லெட்ல 124 எம்பியை ஒரு காட்சிக்காக விரிச்சா ப்ரௌசர் டேபையே மூடிடும். பின்னணி முழுசா வரைஞ்ச காட்சி, ட்ரான்ஸ்பரன்சி தேவையே இல்ல, அதனால எம்பி4 ஆக்கி, சத்தம் இல்லாம ஓட மியூட்டும், போன்ல முழுத்திரைக்குப் போகாம பேஜ்லயே ஓட ப்ளேஸ்இன்லைனும் போட்டு வீடியோவா வச்சாச்சு. அதுவும் 5 நொடியைத் தாண்டுதுங்கறதால நிறுத்தற பட்டன் ஒண்ணு மேல இருக்கு.

குருவிக்கு அப்புறமா தலையாட்டற அசைவு ஒண்ணு வந்துச்சு, இந்த முறை 10 ஃப்ரேம், ஆல்ஃபாவோட பிஎன்ஜியாவே. மூணாவது வரிசையா சேர்த்தா ஷீட் 732 உயரம் ஆகி 71,44,320 பைட் பிடிக்கும், தலையாட்டல் தப்பான பதிலுக்கு மட்டும்தான், எல்லாம் சரியாப் போடற குழந்தைக்கு அது வேண்டியதே இல்ல. தனி ஷீட்டா வச்சு, முதல் தப்பான பதில் வந்த பிறகு டவுன்லோட் ஆகற மாதிரி விட்டிருக்கோம்.